சீ, பப்பா

எனக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று நான் சொல்லித் திரிந்தது பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வைத்துச் சொன்னால் வாசிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்படக்கூடும். அதற்கு நான் தகுதியில்லை. எனக்குத் தெரிந்தது நாற்பது சொல் இருக்கும். முக்கால்வாசி தட்டு, கரண்டி, சூடு, விலகு என்ற வகை. மிச்சம், தட்டு கைதவறி விழுந்தால் சொல்வது. இந்தக் கையிருப்போடு ஒரு முழு மெக்சிக்கோப் படத்தை ஐம்பது வயது மனிதர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

பொய் சொன்னதற்கும் காரணம் உண்டு, நல்ல காரணம் இல்லை. எண்பத்தைந்து, எண்பத்தாறு அளவில், சுவிஸில் பேர்ன் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் இரண்டு அறை வீடொன்றில் நாலு பேர் இருந்தோம். ஒருவனுக்கு அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களை வாசித்து, இது அகதி விசாரணைக்குக் கூப்பிடுவது, இது குப்பைக் கூடை எப்போது வரும் என்று சொல்வது எனப் பிரிக்கத் தெரியும். ஒருவனுக்குச் சமைக்கத் தெரியும். மூன்றாமவர் அண்ணை, அவருக்கு வயதும் மரியாதையும் இருந்தன. எனக்கு ஒன்றும் இல்லை. ஜெர்மன் வகுப்புக்கு ஆறு கிழமை போனேன். அங்கே ஒரு பாஷை படிப்பித்தார்கள், வெளியே பஸ்ஸில் சனம் வேறொரு பாஷை கதைத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் இரண்டையும் விட்டேன். பிறகுதான் வீட்டில் யாராலும் சோதனை வைக்க முடியாத ஒரு பாஷையைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன்.

பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. தட்டுக் கழுவும் மெஷின் நீளமாக, ஒரு பெட்டி ரயில் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் நான் அழுக்குத் தட்டுகளை ஏற்றுவேன். மறுபக்கத்தில் ஒரு ஸ்பானிய அம்மா ஆவிக்குள் நின்று அவற்றை இறக்குவாள். அவள் வந்து இருபது வருடம். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஜெர்மன். அது இருவருக்கும் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

வேலைக்குப் போன முதல்நாள், அடுத்த தட்டை ஏற்றலாமா என்று கையால் கேட்டேன். அவள் என்னைப் பார்த்து, "சீ" என்றாள். நான் என் சட்டையை மோந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் அவள் ஏழெட்டுத் தரம் சொல்லிவிட்டாள். சமையற்காரர் கேட்டதற்கும் சீ, மேலாளர் அம்மாவுக்கும் சீ. பின்னேரம்தான் விளங்கியது, அவர்கள் பாஷையில் அது 'ஓம்', அதாவது ஆம். எங்கள் சீக்கு இரண்டு வேலை. அருவருத்தாலும் சீ, தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டால், "சீ, இப்பதான் குடிச்சனான்" என்று மறுப்பதற்கும் சீ. அவர்களுக்கு அது ஒரே வேலை, தலையாட்டுவது. நான் ஸ்பானிய மொழியில் படித்த முதற் சொல் அதுதான். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், பிறகு எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் தப்பிக்க முடியாது.

இனி அண்ணை. வயதுக்கு அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரே கக்கூசுக்கு வரிசையில் நிற்கிறவர்களை ஐயா என்று கூப்பிட வாய் வராது. ஊரில் அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்தார். சுவிஸ் நாட்டில் அவர் மனம்விட்டுப் புகழ்ந்த ஒரே விஷயம் ரயில். லீவு நாளில் ஸ்டேஷன் வாங்கில் போய் இருந்து, வண்டி வரும்போது மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு வருவார். வீட்டிலும் சேர்ட்டைத் தானே அயன் பண்ணித்தான் போடுவார்.

அவருடைய மனைவியும் ஒரே மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அந்த மாதம் மகளிடமிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. பத்து நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் மேசையில் என் முன்னால் வைத்தார். தன்னோடு படிப்பிக்கிற ஒருவரைக் கல்யாணம் செய்ய விருப்பம் என்று மகள் எழுதியிருந்தாள். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் ஆவணி வரைதான் பொறுப்பார்களாம். கீழே இரண்டே வரி: 'நீங்கள் ஓம் என்றால் செய்கிறேன் அப்பா. இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுகிறேன்.'

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

அந்த மனிதர் ஒருவரிடமும் யோசனை கேட்கிறவர் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"நல்லதுதானே அண்ணை. பொங்கலுக்குப் பொங்கலும் வரும், நத்தாருக்குக் கேக்கும் வரும்" என்றேன்.

அவர் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த நாலாம் நாள்தான் ஸ்பானிய அம்மா என்னைப் படத்துக்குக் கூப்பிட்டாள். ஞாயிறு பின்னேரம், அவர்களுடைய ஆட்கள் கூடும் வேதக்கோயில் மண்டபத்தில், பழைய மெக்சிக்கோப் படம். "குடும்பம்" என்று ஜெர்மனில் சொல்லி, அடுத்ததற்குச் சொல் வராமல் கண்ணுக்குக் கீழே இரண்டு விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அழுகைப் படம். அண்ணையைச் சமாதானப்படுத்த இதுதான் வழி என்று எனக்குப் பட்டது. மகளைப் பற்றி யோசித்துக் குழம்பிப்போய் இருக்கிற தகப்பனைக் குடும்பப் படத்துக்குக் கூட்டிப்போகிற அளவுக்கு எனக்கு அறிவிருந்தது.

"பாஷை?" என்றார் அண்ணை.

"நான் இருக்கிறன்தானே" என்றேன்.

மண்டபத்தில் மடக்குக் கதிரைகள், நடுவில் ஒரு மேசையில் புரொஜெக்டர், சுவரில் வெள்ளைத் துணி. படத்தின் கீழே எழுத்து ஓடவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை. நாங்கள் இருவரும் பின் வரிசையில் இருந்தோம். அண்ணை கோட்டு, டை, பளபளக்கிற சப்பாத்து. அங்கே வந்திருந்த எல்லாரையும்விட அவர்தான் மெக்சிக்கோக்காரர் மாதிரி இருந்தார்.

படம் கறுப்பு வெள்ளை. பெரிய வீடு. மீசை வைத்த தகப்பன், வீட்டுக்குள்ளும் கோட்டோடு திரிகிறவர். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. அலுமாரி, ஜன்னல், பியானோ எல்லாவற்றுக்கும் பூட்டு. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் நிற்க, அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு இருந்தால்தான் மற்றவர்கள் இருக்கலாம். அண்ணை என் பக்கம் சரிந்து, "மனுசனிலை ஒரு ஒழுங்கு இருக்குது" என்றார்.

பிறகு பிள்ளைகள் தாயைக் கூப்பிட்டார்கள். அண்ணைக்கு அது மாமா என்று கேட்டது.

"அந்தப் பொம்பிளையை ஏன் மாமா எண்டுதுகள்?"

"அவையின்ரை வழக்கம் அண்ணை. தாயை மமா எண்டும் தேப்பனைப் பப்பா எண்டும் கூப்பிடுவினம்."

அவர் சற்று யோசித்தார். "அப்ப கைக்குழந்தையை என்னெண்டு கூப்பிடுவினம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பின் சூட்டோடுதான் அடுத்தது நடந்தது. படத்தில் தகப்பன் மேசையில் இருந்தபடி மகளைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். அவள் குனிந்த தலையோடு, "சீ, பப்பா" என்றாள்.

அண்ணை நிமிர்ந்து இருந்தார். "என்ன, பெத்த தேப்பனைப் பாத்துச் சீ எண்டுறாள்?"

ஓம் என்று அர்த்தம் அண்ணை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாலு சொல். ஆனால் பகிடி ஒன்று கையில் வந்து விழுந்தால் அதைக் கீழே போட எனக்கு மனம் வராது. "அந்த ஊர்ப் பெட்டையள் அப்பிடித்தான் அண்ணை. வாய் கூட" என்றேன். அடுத்த காட்சியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த காட்சியில் அவள் ஜன்னலருகே நின்றாள். பாண் கொண்டுவருகிற பேக்கரிக்காரன் வெளியே நின்றான். தகப்பன் வந்தார், ஜன்னலைப் பூட்டினார், ஏதோ கேட்டார். சீ, பப்பா. அண்ணையின் கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. பிறகு அந்தப் பேக்கரிக்காரன் ஒரு பணிஸுக்குள் மோதிரத்தை வைத்துச் சுட்டு அனுப்பினான். தகப்பன் அதைக் கண்டுபிடித்து அவள் விரலிலிருந்து கழற்றச் சொல்லிக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போதும், சீ, பப்பா. குரலில் ஒரு குற்றமும் இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் அண்ணை சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் கை ஓங்காமல் நிக்கிறது பெரிய காரியம்" என்றார்.

முதற் சுருள் முடிந்து விளக்கைப் போட்டார்கள். இப்போது சொல்லிவிடுவோம் என்று திரும்பினேன். அவர் என் தோளில் கை வைத்தார். "உமக்குப் பாஷை நல்லாத்தான் ஓடுது. நான் உம்மைப் பற்றிக் கொஞ்சம் குறைவாத்தான் நினைச்சிருந்தன்" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதற் பாராட்டு. நான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்பானிய அம்மா கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து, படம் பிடித்ததா என்று அண்ணையைச் சைகையில் கேட்டாள். அவர் எழும்பி நின்று, "குட்" என்றார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. என் தட்டில் இருந்த கேக்கையும் எடுத்து அவருக்கு வைத்தாள்.

இரண்டாவது சுருளின் முடிவில் மகள் வாசலில் நின்றாள். கையில் ஒரு பெட்டி. தகப்பன் ஒரு சின்னக் கேள்வி கேட்டார், இரண்டு சொல்கூட இராது. மண்டபம் முழுக்கக் கண்ணைத் துடைக்க லேஞ்சி எடுத்துவிட்டது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், படத்திலேயே முதல் தடவையாக. "சீ, பப்பா." கதவு சாத்தப்பட்டது.

அண்ணை எழும்பினார். "போவம்" என்றார். படம் இன்னும் சில நிமிடம் இருந்தது. நான் பின்னால் ஓடினேன்.  பஸ்ஸிலிருந்து இறங்குகிறபோது, தனக்குத் தானே சொல்வது போல், "இடங் குடுத்தால் முடிவு இதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்தார், பேப்பர் எடுத்தார், ஒரு பக்கம் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை, காட்டத் தேவையும் இல்லை. நான் அடுத்த அறையில் இருந்து, இப்போது போய்ச் சொன்னால் முதலில் 'பாஷை தெரியாது' என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். காலையில் சொல்லலாம் என்று படுத்தேன். நான் எழும்ப முதல் அவர் வேலைக்குப் போய்விட்டார். மேசையில் கடிதம் இல்லை.

திங்கள் காலை ஸ்பானிய அம்மா என்மேல் கோபமாக இருந்தாள். முடிவு பாராமல் எழும்பிப் போனோமாம். தட்டுகள் ஓடுகிற ஓட்டத்துக்குள் அவள் படத்தை எனக்கு விளக்கினாள். பெரிய அகப்பை தகப்பன், தேக்கரண்டி மகள். சாம்பல் சட்டை போடுவாயா என்று அகப்பை கேட்டது; சீ. ஜன்னலில் நிற்கமாட்டாயே; சீ. மோதிரத்தைத் திருப்பி அனுப்புகிறாயா, சீ. வாசலில் கேட்டது, போகப்போகிறாயா என்று. அதற்கும் சீ. அவள் போன பிறகு தகப்பன் சாத்திய கதவைப் பார்த்து, இரு என்று சொன்னாராம். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

"எப்பவும் ஓம்" என்றாள் அவள், எங்கள் இருவருடைய உடைந்த ஜெர்மனில். "இரண்டு மணித்தியாலமும் ஓம்."

நான் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணை சேர்ட் அயன் பண்ணிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னேன்.

"அண்ணை, சீ எண்டால் ஓம்."

"என்ன?"

"ஸ்பானிசிலை சீ எண்டால் ஓம். எனக்கு நேற்றே தெரியும். பகிடிக்குச் சொன்னனான். அந்தப் பிள்ளை முழுக்க, ஓம் அப்பா எண்டுதான் சொன்னது."

அவர் அயனை நிமிர்த்தி வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் விரல் மடிக்கத் தொடங்கினார்.

"மேசையிலை?"

"ஓம்."

"ஜன்னலடியிலை?"

"ஓம் அண்ணை."

"மோதிரம் கழட்டேக்கை?"

"ஓம்."

"வாசலிலை?"

"போகப்போறியோ எண்டு கேட்டவராம். அதுக்கும் ஓம் அப்பா எண்டுதான்."

நாலு விரலும் மடிந்த கையை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ரை பிள்ளையும் ஒருநாளும் இல்லை எண்டு சொன்னதில்லை" என்றார். பிறகு அயனின் பிளக்கைக் கழற்றினார், கோட்டை எடுத்தார். "தபால் பெட்டி அஞ்சரைக்குத்தான் எடுப்பினம். வாரும்."

மஞ்சள் பெட்டியில் எடுக்கிற நேரம் எழுதியிருந்தது. அவர் அதைக் காலையிலேயே வாசித்து வைத்திருந்தார். கடிதம் போடும்போது நேரம் பார்க்கிற மனிதர். நாங்கள் அதன் இரு பக்கத்திலும் காவல் மாதிரி நின்றோம். ஐந்தரைக்குத் தபால் வான் வந்தது. அண்ணை மணிக்கூட்டைப் பார்த்து, பழக்க தோஷத்தில், தலையை ஒருதரம் ஆட்டினார். நான் முன்னால் போய் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்தேன்: கடிதம், பிழை, தயவுசெய்து, திரும்ப. தபால்காரர் பொறுமையாகக் கேட்டார். பெட்டிக்குள் போனது பெட்டிக்குள் போனதுதான், கந்தோரில் படிவம் நிரப்ப வேண்டும், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று கையாலும் வாயாலும் விளக்கி, பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அவரைப் பற்றி என் நாற்பது சொற்களில் கடைசிப் பத்தில் ஒன்றைச் சொன்னேன்.

"அவர் செய்தது சரி" என்றார் அண்ணை. "நான் எண்டாலும் குடுக்கமாட்டன்."

தபாற் கந்தோர் ஆறு மணிக்குப் பூட்டும். அவர் ஓடி நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். படிவத்தை அவர் கேட்கவே இல்லை. தந்தித் தாளை எடுத்தார். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தந்தி இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் தந்தியோடு இருந்தவர், அதற்கு எப்படி எழுதுவதென்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மகளின் விலாசம், கீழே ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்: ஓம் அப்பா.

"கடிதம் வந்தால் வாசிக்க வேண்டாம் எண்டும் போடுவம் அண்ணை" என்றேன்.

"பச்சை காட்டினால் பிறகு ஆரும் பழைய சிவப்பைப் பாக்கமாட்டினம்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தாளை வாசித்தாள். முதற் சொல்லில் அவள் முகம் மாறியது. அந்தக் காலத்தில் சுவிஸ் சனம் சிலர் கம்பளிப் பாயில் சம்மணம் போட்டு மூச்சுப் பயிற்சி செய்யப் பழகியிருந்தார்கள். அவள் கண்ணை மூடி, அடி வயிற்றிலிருந்து, "ஓம்ம்ம்" என்று ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பிரார்த்தனையா என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டாள். நான் ஆம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. அண்ணைக்கு அவள் ரசீதை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தடித்த கடிதம் வந்தது. உள்ளே கல்யாணப் படம். அண்ணை மகளின் கடிதத்தைத் தான் வாசித்துவிட்டு, மறுபடியும் என் முன்னால் வைத்தார். தந்தி கிடைத்தது என்று எழுதியிருந்தாள். பதினைந்து நாள் கழித்துக் கடிதமும் கிடைத்ததாம். 'அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் அப்பா. அதனால் உடைக்கவில்லை. உங்கள் எழுத்து என்பதால் எறியவும் இல்லை.' இந்த முறை நான் பகிடி ஒன்றும் விடவில்லை. ஒன்று வந்ததுதான், கேக் பற்றியது. விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் படம் போட்ட ஞாயிறுகளில் அண்ணை தவறாமல் போனார். என்னைக் கூப்பிடுவதில்லை. முன் வரிசையில் ஸ்பானிய அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார். கதை விளங்கினதோ இல்லையோ, படத்தில் யாராவது சீ என்றால் தானும் மெல்லத் தலையாட்டுவாராம். அந்த ஒரு சொல்லை ஒழுங்காகச் சொல்ல அவளிடம் பழகிக்கொண்டார் என்றும், என்னைவிட அவருக்கு நன்றாக வருகிறது என்றும் அவள் எனக்குத் தட்டுகளுக்கு மேலால் சொன்னாள். என்னோடு அவர் வழக்கம்போல் இருந்தார், அல்லது அதைவிட ஒரு பிடி குறைவாக. எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் அடுத்த நாளைக்குச் சேர்ட் அயன் பண்ணிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இருவரும்தான். அந்தப் படத்து விஷயமாக நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கிற சொல் எனக்கு எந்தப் பாஷையிலும் சரியாக வருவதில்லை. ஆகவே சுற்றிக் கேட்டேன்.

"அண்ணை, இன்னும் என்னிலை கோவமோ?"

அவர் கொலரைத் திருப்பிப் போட்டு, அயனை ஒருதரம் அழுத்தி இழுத்தார். தலை நிமிரவில்லை.

"சீ" என்றார்.